ரூபியின் இடது பின்னங்கால்

பெரிய தொரை சுட்ட முதல் குதிரைக்குக் குழி வெட்டியவன் நான்தான். அதற்குக் கால் ஒடியவில்லை, நோய் நொடி எதுவும் இல்லை. வயதாகி, மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். "ஏறாத குதிரைக்குக் கொள்ளு எதுக்கு?" என்று கேட்டார், துப்பாக்கியை எடுத்து வந்தார், சுட்டுவிட்டுப் போய் முட்டை சாப்பிட்டார். பங்களாச் சமையல்காரன் வந்து, "ரெண்டு முட்டை சாப்பிட்டாரு" என்று என்னிடம் சொன்னான். அவனை ஓங்கி அறைந்தேன். அவன் என்ன செய்வான், பாவம். கோபம் வந்தால் என் கை எனக்கு முன்னால் போய்விடும், எதிரில் நிற்பது யார் என்று பார்க்காது. என் பெயர் கஸ்பர். பூண்டுலோயாவுக்கு மேலே அவர் நடத்திய ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினோரு வருஷம் குதிரைக்காரனாக இருந்தேன்.

அந்தக் குதிரைக்குப் பிறகு வந்தவள்தான் ரூபி. செங்கல் நிறப் பெட்டை, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. நுவரெலியாப் பந்தயத்தில் ஓடித் தோற்றவள் என்பதால் தொரைக்கு மலிவாகக் கிடைத்தாள். வந்த சில மாதத்திலேயே அவளுடைய இடது பின்னங்காலில் ஒரு கோளாறு இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டேன். காலையில் லாயத்தை விட்டு வெளியே இழுத்தால் அந்தக் கால் மடங்காது. விறைத்துக்கொண்டு பின்னாலேயே நிற்கும், குளம்பின் நுனி மண்ணைக் கீறிக்கொண்டு வரும். ஏழெட்டு அடி போனதும் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும், கால் விட்டுக்கொடுக்கும். நடக்க நடக்கச் சரியாகிவிடும்.

நுவரெலியாவில் லாடம் அடிக்கும் சூசைரட்ணத்திடம் காட்டினேன். அவர் தொடைக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தார்.

"முட்டிச் சில்லு போயி நரம்புல மாட்டிக்குது. கொண்டியில மாட்டுற மாதிரி" என்றார். "பெரிய நோவு இல்ல. ஆனா கட்டிப் போட்டியோ, கெட்டுச்சு. நிக்க நிக்கப் பூட்டும். தெனமும் மேட்டுல நடத்து, தொடையில சதை ஏறட்டும். பள்ளத்துல எறங்கையில கவனம். சின்ன வட்டமா திருப்பாத. அப்புடியே பூட்டிக்கிட்டா ரெண்டு எட்டு பின்னால தள்ளு, விட்டுரும்."

குளம்பின் முன்நுனியைக் குறைத்து லாடம் அடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அதுதான் என் பிழைப்பு. ஆறு மணிக்குப் பெரட்டு. ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும் நேரம். ஆறரைக்குத் தொரை ரூபி மேல் ஏறுவார். அதற்கு முன்னால், ஐந்து மணிக்கு, நான் அவளைப் பிடித்துக்கொண்டு லாயத்திலிருந்து மேலே தண்ணீர்த் தொட்டிவரை நடப்பேன். தொட்டியில் அவளே திரும்பிக்கொள்வாள். போக வர முக்கால் மணி நேரம். திரும்பி வந்ததும் நல்லெண்ணெயைச் சூடுபண்ணித் தொடையில் தேய்த்து, குளிர் ஏறாமல் இடுப்பில் சாக்குப் போர்த்துவேன். ஆறரைக்கு அவள் பங்களா வாசலில் நிற்கும்போது அவளுக்கு ஒரு குறை உண்டென்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது.

"படுக்கையையும் லாயத்துக்கே தூக்கிக்கிட்டுப் போங்களேன்" என்பாள் என் பெண்டாட்டி இராசம்மா. "அவளுக்கு எண்ணெய், எனக்குச் சீப்புக்கூட இல்ல."

இரண்டு வருஷம் தொரைக்கு எதுவும் தெரியாமல் ஓட்டினேன். ஐம்பத்திரண்டாம் வருஷம் அடைமழையில் எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் போனபோதுதான் பார்த்துவிட்டார். மூன்றாம் நாள் என்னை வாசலில் நிற்க வைத்து, பிரம்பால் ரூபியின் தொடையில் நான்கு முறை அடித்தார். அவள் துள்ளினாள். ஒவ்வொரு அடிக்கும் என் முகத்தைத்தான் பார்த்தார்.

"இன்னொரு தடவ இந்தக் கால் இழுத்தா, நீ குழி வெட்டு" என்றார். "எடம் தெரியும்தானே?"

தெரியும். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே புல்வெளியில்தான் முதல் குதிரை கிடக்கிறது. அதன்பிறகு காய்ச்சல் வந்தாலும் இடி விழுந்தாலும் அந்த முக்கால் மணி நேரத்தை நான் விடவில்லை. இந்த மிருகத்தையும் இந்த ஆள் முட்டைக்கு முன்னால் சுடக் கூடாது என்று ஒரு வெறி. வெறி என்றுதான் சொல்ல வேண்டும். கோயிலுக்குப் போய் முழந்தாளிட்டபோதுகூட அந்தக் காலுக்காகத்தான் வேண்டினேன்.

அந்த வருஷம், தேயிலைச் செடியை வெட்டிக் கழிக்கும் கவ்வாத்துக் காலத்தில், கவ்வாத்து வெட்டும் பொன்னையா ஒரு நாள் பெரட்டுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பிந்தி வந்தான். தொரை ரூபி மேல் இருந்தபடியே பிரம்பை வீசினார். அடி குறுக்காக முகத்தில் விழுந்தது. பொன்னையா முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான், விரல் இடுக்கில் இரத்தம் வந்தது. தொரை இன்னொரு அடி போட்டார், அது தலையில் விழுந்தது. ஒரு கண் போய்விட்டது. நான் ரூபியின் வாயருகே நின்றுகொண்டிருந்தேன். அவள் நடுங்கினாள். நான் அவள் கழுத்தைத் தடவிக்கொடுத்தேன். கண் போனவனை விட்டுவிட்டுக் குதிரையைத் தடவிக்கொண்டு நின்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கே தோட்டம் வேலையை நிறுத்தியது. தொரை பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். சங்கத்தின் தோட்டத் தலைவன் றோலண்ட். இராசம்மாவின் அண்ணன், என் மச்சான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஐந்து காம்பிரா தள்ளி இருந்தான். பங்களா ஆட்களும் வேலைக்குப் போகாமல் நிற்க வேண்டும் என்று அவன் சொன்னதும் சமையல்காரன் நின்றான், தோட்டக்காரன் நின்றான். நான் மட்டும் மறுநாள் காலையில் லாயத்துக்குப் போனேன்.

அன்று பகல் றோலண்ட் என் வாசலுக்கு வந்தான்.

"நீ பங்களாவுக்குப் போறியாமே மாப்புள."

"பங்களாவுக்குப் போகல மச்சான். லாயத்துக்குப் போறேன். சாணி அள்ளல, சேணம் தொடைக்கல. முக்கால் மணி நேரம் நடத்திட்டு வந்துர்றேன். அவ நின்னா கால் பூட்டிக்கும். பூட்டுனா சுட்டுருவான்."

"சுடட்டுமே."

நான் சுவரில் மாட்டியிருந்த கயிற்றை எடுத்துச் சுருட்டினேன்.

"பொன்னையா கண்ணு போன அன்னிக்கு அவன் எது மேல உக்காந்திருந்தான்? நொண்டியாவே விடு மாப்புள. அது நடந்தா அவன் ஏறுவான். ஏறுனா நம்ம மேலதான் வருவான்."

"குதிர மனுசன மிதிக்காது மச்சான். உனக்குக் குதிரையப் பத்தி என்னா தெரியும்."

"எனக்குத் தொரையப் பத்தித் தெரியும்" என்றான் றோலண்ட்.

நான் மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். நான்காம் நாள் காலை ரூபியைக் கட்டிவிட்டு லயத்துக்குத் திரும்பும்போது, மாடசாமி கோயில் திருப்பத்தில் மூன்று பேர் நின்றார்கள். றோலண்ட், சங்கத்து ஆள் நல்லமுத்து, இன்னொருவன் பொன்னையாவின் தம்பி. யாரும் எதுவும் கேட்கவில்லை. நல்லமுத்து பின்னாலிருந்து என் கையை முறுக்கினான். பொன்னையாவின் தம்பி வயிற்றில் உதைத்தான். நான் அவன் மூக்கில் தலையால் முட்டினேன், எலும்பு நொறுங்குவது என் நெற்றிக்கே தெரிந்தது. அப்போது றோலண்ட் கவ்வாத்துக் கத்தியின் பிடியால் என் வாயில் அடித்தான். இரண்டு பல் நாக்கில் வந்து விழுந்தன. கீழே விழுந்தபிறகும் உதைத்தார்கள். விலா, முதுகு, தொடை. கடைசியில் றோலண்ட்தான் மற்றவர்களை இழுத்து நிறுத்தினான்.

"கருங்காலின்னு ஊரு சொல்லுது மாப்புள. என் தங்கச்சி புருசன் கருங்காலி. நாளைக்குப் போகாத. கையெடுத்துக் கும்புட்டேன்னு வச்சுக்க" என்றான். அவன் அழுதுகொண்டுதான் சொன்னான்.

அவன் அடிக்காமல் சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேனோ என்னவோ. அடித்துவிட்டுச் சொன்னான். எனக்குத்தான் ஒரு புத்தி இருக்கிறதே. மறுநாள் விடியுமுன் வாய் பூசணிக்காயாக வீங்கி, ஒரு கண் மூடிக் கிடக்க, விலாவைப் பிடித்துக்கொண்டு லாயத்துக்குப் போனேன். இராசம்மா வாசலில் குறுக்கே நின்றாள். அவளைத் தள்ளிவிட்டுப் போனேன். அன்றைக்கு ரூபி என்றைக்கும் இல்லாத அழகாக நடந்தாள்.

ஒன்பது மணிக்குத் தொரை லாயத்துக்கே வந்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "யாரு? ஒன்னோட ஆளா?" என்று கேட்டுவிட்டு, சேணம் போடச் சொன்னார். போட்டேன். தேயிலை ஸ்டோருக்குக் கீழே பாதையில் ஆட்கள் உட்கார்ந்து லொறியை மறித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தொரை மேல் பாதையில் மலைக்குப் போவார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்கிறேன், அப்படி நினைக்க எனக்கு வசதியாக இருந்தது. அவர் கீழ்ப் பாதையில் திருப்பினார். குதிரைக்காரன் குதிரைக்குப் பின்னால் ஓட வேண்டும் என்பது வழக்கம், விலாவைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

பாதை நிறைய ஆட்கள். முன்வரிசையில் பெண்கள். அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. பெண்கள் எழுந்து இரண்டு பக்கமும் சிதறினார்கள், காளியாயி என்ற கிழவி மட்டும் எழ முடியாமல் தடுமாறினாள். றோலண்ட் ஓடி வந்து அவளைப் பிடித்துப் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் தள்ளினான். தள்ளிவிட்டுத் திரும்பினான். ரூபி அவனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நான் சொன்னேனே, குதிரை மனிதனை மிதிக்காது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி நின்றாள். நான் ஓடிப்போய்க் கடிவாளத்தைப் பிடித்தேன். தொரை பிரம்பால் என் கைவிரலில் அடித்தார், வீங்கிய முகத்தில் அடித்தார், கை விட்டுப் போயிற்று. பிறகு குதிமுள்ளால் அவள் வயிற்றைக் கிழித்துக்கொண்டே தொடையில் அடித்தார், அதே இடது தொடையில். அவள் பின்னங்காலில் எழும்பினாள். நான் எண்ணெய் தேய்த்துத் தேய்த்துச் சதை ஏற்றிய அந்தக் கால் அவளையும் தொரையையும் சேர்த்துத் தாங்கியது. கொஞ்சம்கூட நழுவவில்லை. அப்படியே முன்னால் இறங்கினாள். இரண்டு குளம்பும் றோலண்டின் மார்பில் இறங்கின. கவ்வாத்தில் விழுந்து உலர்ந்த மிலாறுக் குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது.

அவள் மறுபடியும் எழும்பினாள். தொரை இழுத்து மறுபடியும் இறக்கினார். அதன்பிறகுதான் ஆட்கள் கல்லெறியத் தொடங்கினார்கள். கல்லெறிந்ததால் குதிரை மிரண்டது என்று பிறகு விசாரணையில் எழுதிக்கொண்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

றோலண்டை அதே லொறியில் ஏற்றினோம். தலை என் மடியில் இருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் வாயில் நுரையும் இரத்தமும் வந்தன. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், இரத்தம்தான் வந்தது. ஆஸ்பத்திரிக்கு இரண்டு மைல் இருக்கும்போது அடங்கிவிட்டான். லொறியைத் திருப்பி லயத்துக்குக் கொண்டு வந்தோம்.

இராசம்மா கத்தவில்லை. எல்லாப் பெண்களும் மாரடித்துக்கொண்டு அழுதபோது அவள் அண்ணனின் சட்டைப் பொத்தானைக் கழற்றி, மார்பில் இருந்த லாட அடையாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாதா கோயில் சாமியார் வந்து மந்திரித்துப் பெட்டியை மூடும்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"நீங்கதானே அத நடக்க வச்சீங்க" என்றாள்.

அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை. சோற்றைப் போட்டுக் கோப்பையைத் தரையில் தள்ளிவிடுவாள். கோயில் திருப்பத்தில் வாங்கிய உதையெல்லாம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது.

வேலை நிறுத்தம் முடிந்தது. பெரிய மனிதர்கள் வந்து பேசினார்கள், ஆட்கள் பெரட்டுக்குப் போனார்கள், தொரை மன்னிப்புக் கேட்கவில்லை. ஐந்து நாள் நான் லாயத்துக்குள் போய்ப் புல்லும் தண்ணீரும் வைத்ததோடு சரி. ஆறாம் நாள் சாயங்காலம் பங்களாவிலிருந்து ஆள் வந்து சொன்னான்: "நாளைக்கு ஆறரைக்குக் குதிர வேணுமாம். எப்பவும் போல ஸ்டோரு பாதையில போவாராம்."

மறுநாள் ஐந்து மணிக்குப் போனேன். ரூபி என்னைக் கண்டதும் கனைத்தாள், தலையைத் தாழ்த்திக் கயிறு போடக் கொடுத்தாள். நான் கயிற்றைப் போடவில்லை. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். அவள் முன்னங்காலால் தரையைத் தட்டினாள். மூக்கால் என் தோளை இடித்தாள். ஐந்தரை ஆயிற்று. பெரட்டுக்குக் கூப்பிடும் தப்புச் சத்தம் கேட்டது. அவள் கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் எவ்வளவோ பேரை அடித்திருக்கிறேன், அந்த முக்கால் மணி நேரத்தில் செய்த கொடுமையை யாருக்கும் செய்ததில்லை. எண்ணெய் தேய்க்கவில்லை, சாக்குப் போர்த்தவில்லை. சேணத்தைப் போட்டு, மருதோன்றி வேலிக்குப் பின்னால் மெதுவாக நடத்தி, அங்கே ஒரு முறை பூட்டிய காலை யாரும் பார்க்காமல் விடுவித்து, பங்களா வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். தொரை தேத்தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அவள் குளிரில் அசையாமல் நின்றாள்.

தொரை ஏறினார். பங்களாவிலிருந்து ஸ்டோருக்கு இறங்கும் குறுக்குப் பாதையில் திருப்பினார். செங்குத்தான பள்ளம், நடுவில் பாதை வளைகிற ஒரு முடக்கு, முடக்கில் கருங்கல் கட்டிய கான். நான் பின்னால் ஓடினேன். என் கண் அந்த இடது காலை விட்டு நகரவில்லை. முடக்கில் அவர் கடிவாளத்தைச் சுண்டித் திருப்பினார். கால் பின்னால் விறைத்தது. குளம்பு நுனி மண்ணைக் கீறியது. இடுப்பு ஒரு பக்கமாக உட்கார்ந்தது. தொரை அவள் தோளுக்கு மேலாகப் பறந்து கானின் கருங்கல் விளிம்பில் இடுப்பு அடிபட விழுந்தார். அந்தச் சத்தம் பாதை முழுக்கக் கேட்டிருக்கும்.

நான் முதலில் பிடித்தது குதிரையைத்தான். "பின்னுக்கு, பின்னுக்குடி தாயி" என்று இரண்டு எட்டுப் பின்னால் தள்ளினேன். 'டொக்' என்று விட்டுக்கொடுத்தது. பிறகு தொரையைப் பார்த்தேன். இடுப்பிலிருந்து ஒரு கால் மனிதக் கால் திரும்பாத பக்கம் திரும்பிக் கிடந்தது. "கஸ்பர், கஸ்பர்" என்று கூப்பிட்டார். பிரம்பு என் காலடியில் கிடந்தது. எடுத்தேன். எடுத்ததை அவர் பார்த்தார், கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். பொன்னையா மறைத்துக்கொண்ட மாதிரியேதான் மறைத்தார். ஓங்கிய கையை எப்படி இறக்கினேன் என்று எனக்குத் தெரியவில்லை. பிரம்பை ஒடித்துக் கானில் போட்டுவிட்டு ஆள் கூப்பிடப் போனேன். ஓடவில்லை, நடந்து போனேன்.

அவரைக் கட்டிலோடு தூக்கிக் காரில் ஏற்றும்போது அரை மயக்கத்தில் சின்ன தொரையிடம் சொல்லிவிட்டுப் போனார். அவளைச் சுட வேண்டும், இன்றைக்கே.

சின்ன தொரை, பெரிய தொரைக்கு அடுத்த அதிகாரி, சீமையிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத இளந்தாரி. பகல் இரண்டு மணிக்குத் துப்பாக்கியோடு வந்தான். நான் குழியை வெட்டி முடித்துவிட்டு ரூபியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புல்வெளிக்குப் போகிற வழி தண்ணீர்த் தொட்டி வழிதான். அதே மேடு, நாங்கள் தினமும் நடக்கிற மேடு. தன்னை நடத்தத்தான் கூட்டிப்போகிறேன் என்று அவள் நினைத்துவிட்டாள். முதல் பத்தடிக்கு லேசாக இழுத்தாள். பிறகு கால் சூடேறியது. பாதி மேட்டில் தலையை ஆட்டிக்கொண்டு நன்றாக எட்டுப் போட்டாள். தொட்டிக்கு வந்ததும் வழக்கம்போல நின்று தானாகவே வீட்டுப் பக்கம் திரும்பினாள். நான் கயிற்றை இழுத்து மேலே திருப்பினேன். அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் வந்தாள்.

பின்னால் வந்த சின்ன தொரை நின்றுவிட்டான்.

"கஸ்பர். இது நல்லா நடக்குது. கால் சரி. நான் தொரைக்குச் சொல்லலாம்" என்றான், புத்தகத்தில் படித்த தமிழில்.

ஆமாம் என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும். அந்தப் பையனுக்குச் சுட மனமில்லை, அது அவன் முகத்திலேயே தெரிந்தது. ஆமாம் என்றால், காலையில் மட்டும் ஏன் நடக்கவில்லை என்று ஒரு நாள் கேட்பார்கள். கேட்காமல் விட்டாலும், அவள் மேல் ஏற இன்னொரு தொரை வருவான், கீழ்ப் பாதையில் ஆட்கள் உட்கார இன்னொரு நாள் வரும். இந்த இரண்டில் எது என்னைப் பேச வைத்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"நொண்டுதுங்க தொரை" என்றேன். "உங்க கண்ணுக்குத் தெரியல."

அவன் சுட்டது முதல் தடவை சரியாகப் படவில்லை. அவள் முழங்காலிட்டு விழுந்து எழப் பார்த்தாள். பின்னங்கால் இரண்டையும் ஊன்றி எழுந்தே விட்டாள். அவன் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டான். நான் துப்பாக்கியைப் பிடுங்கி, பொட்டுக்குக் கீழே வைத்து, நானே சுட்டேன்.

மண் தள்ளி மூடிவிட்டு லயத்துக்கு வந்தபோது வெயில் போயிருந்தது. இராசம்மா வெந்நீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கை கால் கழுவினேன். அவள் போகாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"நடந்தா போனா?" என்று கேட்டாள். அண்ணனைப் புதைத்தபிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நடந்துதான் போனா."

"நொண்டுனாளா?"

"இல்ல" என்றேன். "நொண்டுதுன்னு நான்தான் சொன்னேன்."

இராசம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கழுவியும் போகாமல் என் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.